ஈயத்தாள் சொர்தினோ

தேயிலைத் தோட்டத்தில் எனக்கு உத்தரவு வராத மொழியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய துரை ஆங்கிலத்தில் சொல்வார். அதையே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தமிழில் சொல்லி, தன் பங்குக்குக் கொஞ்சம் காரமும் சேர்ப்பார். தபால் கந்தோரில் சிங்களம். பள்ளிக்கூடப் பரிசோதகர் மூன்றையும் கலந்துகட்டி அடிப்பார். இந்த வரிசையில் இத்தாலிய மொழியும் வந்து சேரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வந்தது. கிறிஸ்மஸ் ஆராதனைக்கான இசைத்தாளில் ஏறிக்கொண்டு வந்தது.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். ஒரே டீச்சர் என்பதால் தலைமை ஆசிரியையும் நானே, மணி அடிப்பவளும் நானே. டீச்சருக்குத் தனி வீடு கட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது வரும்வரை, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். லயத்துச் சுவரைப் பற்றி அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவர் கூரைத் தகரம்வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் "நூறு வயசு" என்பார்கள்.

என்னிடம் ஒரு வயலின் இருந்தது. நான் போர்டிங்கில் படித்த மிஷன் பள்ளியில் சங்கீதம் சொல்லித்தந்த வெள்ளைக்கார மிஸ்ஸி, ஊருக்குக் கப்பல் ஏறும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "பொண்ணு பாக்க வர்றவங்க இதப் பாத்தா திரும்பிப் போயிருவாங்க" என்பார். போகிறவர்கள் போகட்டும் என்று நான் சொல்வேன். அதோடு எங்கள் வீட்டில் அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி, ஹட்டன் கோயிலில் கிறிஸ்மஸ் ஆராதனையன்று வாசிக்க நாலு பேரைச் சேர்த்தார். அவர் முதல் வயலின். நான் இரண்டாவது. ஸ்டேஷனில் வேலை பார்த்த பறங்கியர் ஒருவர் பெரிய பிடிலை முழங்காலுக்கு நடுவில் வைத்து வாசித்தார். போதகரின் மனைவி ஆர்மோனியம். லண்டனில் அச்சான தாள்கள் எனக்கும் வந்தன. சுரங்களுக்கு அடியில் சாய்ந்த எழுத்தில் அங்கங்கே ஏதோ எழுதியிருந்தது. மெதுவாக, பலமாக என்பதற்கான அடையாளங்கள் எனக்குத் தெரியும். ஆனால் பாட்டின் நடுவில் 'கொன் சொர்தினோ' என்று ஒன்று நின்றது. ஒரு பக்கம் தள்ளி 'சென்ட்சா சொர்தினோ' என்று இன்னொன்று. இதென்ன, யாராவது ஆள் பெயரா என்று நினைத்தேன். ஒருவேளை இந்த இடத்தை எழுதியவர் அவரோ என்னவோ என்று விட்டுவிட்டேன்.

துரைசாணி பங்களாவில் முதல் ஒத்திகை நடந்தபோது விஷயம் தெரிந்தது. அந்த இடம் வந்ததும் அவர் வில்லை இறக்கினார். மேசைமேல் இருந்து கறுப்பாக எதையோ எடுத்தார். மூன்று பல் மட்டும் மிஞ்சிய சீப்புத் துண்டு மாதிரி இருந்தது. வயலின் தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்னப் பலகையைக் குதிரை என்போம். அந்தக் குதிரையின் தலையில் அதைச் செருகினார். பிறகு வாசித்தார். அதே வில், அதே தந்தி, அதே கைதான். சத்தம் மட்டும் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேறு யாரோ வாசிப்பதுபோல வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மெதுவாக வாசிப்பது வேறு, இது வேறு. மெதுவாக வாசித்தால், பக்கத்தில் இருப்பவர் தணிந்த குரலில் பேசுவது மாதிரி. இது, தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது மாதிரி. ஒரு சுண்டுவிரல் அளவு மரத்துண்டால் ஒரு ஆளைத் தூரமாகக் கொண்டுபோய் வைக்க முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. துரைசாணி என்னைப் பார்த்து, உன்னுடையது எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். கொழும்பில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினார். கொழும்பு ஏதோ பங்களாவுக்குப் பின்புறம் இருக்கிற மாதிரி சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதைவிட ஆசை அதிகமாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு முதலில் அந்தச் சொற்களுக்கு அர்த்தம் தெரிய வேண்டியிருந்தது. லண்டனில் அச்சடித்து, ஸ்கொட்லாந்துக்காரியான துரைசாணி வாசித்து, ஹட்டன் குளிரில் நான் கூட வாசிக்கும் பாட்டுக்கு இத்தாலிய மொழியில் எதற்கு உத்தரவு போட வேண்டும்? எங்கள் பக்கத்தில் அந்த மொழி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். கத்தோலிக்கக் கோயிலில் இருந்த சாமியார். புரட்டஸ்தாந்துக்காரர்களான எங்கள் ஆட்கள் அந்த வாசலை மிதிப்பதில்லை. நான் ஒரு சனிக்கிழமை குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போய் மிதித்தேன்.

சாமியார் லயத்துச் சனங்களிடம் தமிழ் படித்தவர். "வாங்க, குந்துங்க" என்றார். தாளைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. யாரோ ஊரிலிருந்து வந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"சொர்தோன்னா செவுடு. சொர்தினோன்னா குட்டிச் செவுடுன்னு வச்சுக்குங்க. கொன்னா அதோட. சென்ட்சான்னா அது இல்லாம. அம்புட்டுத்தான்."

"யாருக்குச் செவிடு சாமி? வாசிக்கிறவங்களுக்கா, கேக்குறவங்களுக்கா?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "தெரியலையே. எனக்குப் பாட்டு வராது. பாஷை மட்டுந்தான் வரும்" என்றார்.

திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் அதே யோசனை. ஆங்கிலத்தில் அந்தத் துண்டுக்கு ஊமை என்று பெயர். இத்தாலியில் செவிடு. எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. அது எதையும் இழந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. தூரமாகப் போன மாதிரிதான் தோன்றியது. நான் அதற்கு அமுக்கி என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்தாயிற்று, பொருள்தான் கையில் இல்லை.

அந்த வாரமே பக்கத்துக் காம்பரா அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். கொழுந்து எடுப்பவர். அவருடைய கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. இலையைக் காயவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் இருக்கிற பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுவார். சூடு கொஞ்சம் ஏறினால் தேயிலை கருகும், கொஞ்சம் இறங்கினால் ஈரம் நிற்கும். தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் எப்போது வந்து பார்ப்பார் என்று தெரியாது, விடியும்வரை கண்ணை மூடாமல் நிற்க வேண்டும். பகலில்தான் தூக்கம். நான் பள்ளிக்கூடம் முடித்துவந்து வயலினை எடுப்பதும் பகலில்தான்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா" என்று அக்கா தொடங்கினார். "இவரு அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே தூங்குறாராம். டீமேக்கர் ஐயா பாத்துட்டாரு. இன்னொரு தடவ கண்ணசந்தா வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்னு சொல்லிட்டாரு. வேலை போச்சுன்னா காம்பராவையும் விடணும். நாங்க எங்க போவோம்?"

பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இலங்கைக்காரர்களும் இல்லை, இந்தியாக்காரர்களும் இல்லை என்று எங்களில் முக்கால்வாசிப் பேரை நடுவில் நிறுத்தியிருந்தது. லயக் காம்பரா போனால் ரோடுதான். அம்மா என்னைப் பார்த்தார். "அந்தப் பொட்டிய மூடி வை" என்றார். வாசிக்காமல் ஆராதனைக்குப் போக முடியாது. ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுத்து வாசிக்கவும் முடியாது.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. "அக்கா, சத்தத்தத் தூரமாக்குறதுக்கு ஒரு சாமான் இருக்கு. அதச் செஞ்சு மாட்டிட்டா உங்க வீட்டுக்குக் கேக்காது" என்றேன்.

"அப்படி ஒண்ணு இருக்கா?" என்று அவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கடைவீதிக்குப் போனதும் இரண்டு பேரும் வேலையில் இறங்கினோம். முதலில் அம்மாவின் மரச்சீப்பில் பல் போன மூலையை அறுத்துக் குதிரைமேல் மாட்டினேன். வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம் போட்டது. அம்மா சீப்புக்காக என்னை ஏசிய சத்தம் அதைவிடப் பெரியது. அடுத்தது தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டு. செருகும்போதே பிளந்துவிட்டது. நான் குதிரையை அக்காவுக்குக் காட்டி, இது நடுங்கினால்தான் சத்தம், நடுங்கவிடாமல் இதன்மேல் பாரம் வைக்க வேண்டும், ஆனால் அந்தப் பாரம் ஆடக்கூடாது என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தன் வீட்டுக்குப் போய் ஈயத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற தாள். கிழிந்ததை அண்ணன் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவருவார். லயத்தில் பாதி வீடுகளில் சாமிப் படத்துக்குப் பின்னால் அதுதான் பளபளக்கும்.

மடித்து மடித்துக் கனமான பட்டையாக்கி, குதிரையின் தலையில் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தினேன். ஈயம் மெத்தென்று அதன் வளைவோடு ஒட்டிக்கொண்டது. அக்கா தன் காம்பராவுக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். நான் வாசித்தேன்.

"கேக்குது" என்றார் சுவருக்கு அப்பாலிருந்து. இன்னும் இரண்டு மடிப்பு போட்டேன். "இன்னும் கேக்குது." மறுபடி மடிப்பு. இப்போது பதில் இல்லை. வாசித்துக்கொண்டே, "கேக்குதா அக்கா?" என்று கத்தினேன். "நீங்க கத்துறதுதான் கேக்குது" என்றார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துரைசாணியின் கருங்காலி அமுக்கியைவிட எங்கள் ஈயத்தாள் அமுக்கி நன்றாகவே வேலை செய்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஈயத்தாளோடுதான் பழகினேன். தாளில் 'சென்ட்சா சொர்தினோ' என்று நின்ற இடத்திலும் எடுக்கவில்லை. கழற்றி வைக்கவென்று அந்த இடத்துக்கு முன்னால் இரண்டு தாளக் கட்டம் மௌனமாக விட்டிருந்தார்கள். அந்த மௌனத்தில் நான் சும்மா வில்லைத் தூக்கிப் பிடித்து நிற்பேன். பிறகு தொடருவேன். இந்தப் பக்கம் வாசிக்கிறவளுக்கு மட்டும் கேட்கிற சங்கீதம். அதிலும் ஒரு சுகம் இருந்தது.

ஆனால் அண்ணன் தேறவில்லை. கண்ணெல்லாம் சிவந்து, வேலை முடிந்து தள்ளாடிக்கொண்டு வருவதை நானே பார்த்தேன். அக்கா தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் அவர் முழங்கைக்குக் கீழே துணி சுற்றிக்கொண்டு வந்தார். அடுப்புக் கதவில் சாய்ந்துவிட்டாராம். நல்லவேளை, தோல் மட்டும் போயிருந்தது. டீமேக்கர் இதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அக்கா என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நீங்கதான் சத்தத்தக் கொறச்சிட்டீங்களே. இது வேற என்னமோ" என்று என் வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு காரணம் இல்லை என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தார். அந்த இரண்டு கட்ட மௌனம் வந்தது. வில்லைத் தூக்கினேன். இசைத்தாள் மடிந்து விழுந்துவிட்டதால் அதை எடுக்கக் குனிந்தேன். மௌனம் நீண்டுவிட்டது.

சுவருக்கு அப்பாலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"முடிஞ்சிருச்சா டீச்சரம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணே, நீங்க தூங்கலையா?"

"இல்லீங்க. ரெண்டு மூணு வாரமா அந்தப் பாட்டத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். வீட்டுல சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"கேக்கக் கூடாதுன்னுதானே ஈயத்தாள மாட்டுனோம். ஒண்ணும் கேக்கலைன்னு அக்கா சொன்னாங்களே."

"அவளுக்குக் கேக்காதுங்க. எனக்குச் சொவத்துல காத வச்சா கேக்கும்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முந்தி நீங்க சத்தமா வாசிச்சீங்க. ஆனா ஒரே எடத்துல நிப்பாட்டி நிப்பாட்டித் திரும்ப ஆரம்பிப்பீங்க. கண்ணு சொருகும், நிப்பாட்டுவீங்க, முழிச்சிருவேன். இப்ப நிப்பாட்டாமத்தான் வாசிக்கிறீங்க. ஆனா விட்டு விட்டுத்தான் காதுல விழுது. எந்த எடத்துக்குப் போயிருக்குன்னு தேடிக்கிட்டே கெடக்கேன். இந்த எடத்துல மட்டும் சுத்தமா ஒண்ணும் இல்லாமப் போயிருது. அதுக்கப்புறம் என்னான்னு பொறுத்துப் பாத்துக்கிட்டே படுத்திருக்கேன். அதுக்குள்ள வேலைக்கு நேரமாயிருது."

நான் குதிரைமேல் இருந்த ஈயத்தைப் பார்த்தேன். தூரமாகப் போன சத்தம் என்று சந்தோஷப்பட்டிருந்தேன். தூரமாகப் போவதைக் கேட்கிறவர் கூடவே நடந்து போவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மனிதரைத் தூங்கவைக்கிறேன் என்று அவரைப் பகல் முழுக்கச் சுவரில் காதை ஒட்டி உட்கார வைத்திருக்கிறேன். அவருடைய வேலையும் காம்பராவும் அந்த மடிப்புகளில் மாட்டிக்கொண்டு கிடந்தன.

"நிப்பாட்டாம, சத்தமா வாசிச்சா?" என்று கேட்டேன்.

"தெரியலீங்களே. யாரும் அப்படி வாசிச்சுப் பாக்கலையே."

தாளைச் சரியாக வைத்தேன். 'சென்ட்சா சொர்தினோ' என்ற எழுத்து எனக்கு நேராக நின்றது. ஈயத்தை உரித்து எடுத்து மேசைமேல் வைத்தேன். "முதல்லருந்து வாசிக்கிறேன் அண்ணே. நீங்க சொவத்த விட்டுட்டுப் பாய்ல படுங்க" என்றேன்.

அவ்வளவு நாள் கழித்து அமுக்கி இல்லாமல் வில்லை வைத்ததும் எனக்கே பயமாகிவிட்டது. சத்தம் தகரக் கூரையில் முட்டி, மேலே திறந்திருந்த வழியாக லயம் முழுக்க ஓடியது. கடைசிக் காம்பராவிலிருந்து முதல் காம்பராவரை எல்லாருக்கும் கேட்டிருக்கும். தப்பு விழுந்த இடத்தில் நிற்கவில்லை. தப்போடு தப்பாகவே போனேன். கடினமான இடம் வந்தது, தடுமாறி ஓடினேன். மௌனக் கட்டம் வந்தபோது அதையும் விட்டுவிடாமல் முந்தின சுரத்தையே இழுத்துப் பிடித்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். எழுதினவர் கேட்டிருந்தால் என்னை அடித்திருப்பார்.

அந்த இடத்துக்கு வெகு முன்பே, இரண்டாம் பக்கத்தின் பாதியில், குறட்டை கேட்கத் தொடங்கியிருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு உயிரைக் கொடுத்து வாசிக்கிறேன், இந்த மனிதர் குறட்டை விடுகிறாரே என்று ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணம் கண்ணில் தண்ணீர் முட்டியது. பாட்டு முடிவுக்கு வந்தது. கடைசிச் சுரத்தில் வில்லை எடுத்தேன். குறட்டை தடைப்பட்டது. அவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. வாசலில் நிழல் தட்டியது. கொழுந்து மலையிலிருந்து திரும்பிய அக்கா, முதுகில் கூடையோடு, இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குச் சாக்கோடு நின்றார். வாசி, வாசி என்று கையை மட்டும் ஆட்டினார்.

திரும்பவும் முதலிலிருந்து எடுத்தேன். பிறகு ஞானப்பாட்டுகள். பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாட்டுகள். அதுவும் தீர்ந்தபோது வெறும் சுர வரிசையை ஏற்றி இறக்கினேன். அம்மா குடத்தோடு வந்து, என்னைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, சுவருக்கு அப்பால் வந்த குறட்டையைக் கேட்டு, எனக்குத் தேத்தண்ணி போடப் போனார். கை விட்டுப்போகும் போலிருந்தது. அண்ணன் வேலைக்கு எழும்புகிற நேரம்வரை வாசித்தேன்.

கிறிஸ்மஸ் ஆராதனை நடக்கவேண்டிய மாதிரி நடந்தது. ஈயத்தாளைப் பார்த்துத் துரைசாணி புருவத்தை உயர்த்தினார். சத்தத்தைக் கேட்டதும் இறக்கிக்கொண்டார். அந்த வேலை அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அதை அல்ல, நான் விடாமல் வாசித்த அந்தப் பகலுக்கு அடுத்த நாள் காலையை.

அண்ணன் தொழிற்சாலையிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. இராத்திரி டீமேக்கர் வந்து பார்த்தாராம், இவர் விறகைத் தள்ளிக்கொண்டு நின்றதைக் கண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். அதைச் சொல்லிவிட்டும் போகாமல், தலைத்துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். பின்னாலேயே அக்காவும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டு வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா" என்றார் அண்ணன். "நீங்க எனக்காக முழுசா வாசிச்சீங்க. நான் தூங்கிட்டேன். அந்த எடத்துக்கு அப்புறம் என்னா வருதுன்னு கடைசிவரைக்கும் தெரியாமலே போச்சு."

இன்றைக்கே வாசித்துக் காட்டுகிறேன், முழித்திருந்து கேளுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என்னை முந்திக்கொண்டார்.

"வேணாம் டீச்சரம்மா, அவரு தூங்கட்டும். அவருக்கு அது தெரியாமலே இருக்கட்டும்."